அரிசி கழுவிய தண்ணீரும் ஆற்று மண்ணும்

ஞாயிற்றுக்கிழமை காலை அமர்வு முடிந்ததும் அவரவர் பாயை அவரவரே சுருட்டி மூலையில் சாத்திவிட்டுப் போவார்கள். கேட்க ஏதாவது இருப்பவர் மட்டும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கலாம். அம்பாசமுத்திரத்தில் ரைஸ்மில்லுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய நெல் கிட்டங்கியில் வேறு விதிகள் கிடையாது.

அன்று நல்லசிவன் பாயைச் சுருட்டவில்லை.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த பேராச்சி அவரைவிட வயதில் நன்றாக இளையவர். பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு இந்தக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்தார். காலையில் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் சிலர் வந்து கூட உட்கார்ந்தார்கள். அவரை யாரும் குரு என்று அழைத்ததில்லை. டீச்சர் என்றுதான் அழைத்தார்கள்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் பேராச்சி.

"ஒரு ரூமுக்குப் பெயிண்ட் அடிக்கணும் டீச்சர்."

பாய் சுருட்டிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். நல்லசிவன் அதைப் பொருட்படுத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்துத் தரையில் வைத்தார். இரண்டிலும் நிறம் பூசியிருந்தது. ஒன்றை வெள்ளை என்று சொல்ல முடியாது. மற்றதைப் பழுப்பு என்று சொல்ல முடியாது.

"இந்த ரெண்டு வரைக்கும் வந்துட்டேன். இதுக்கு மேல நகர முடியல. மனசு அடங்கி இருக்கணும்னா இதுல எது சரியா வரும்?"

"யாரு மனசு?"

"தங்கச்சிக்கு டீச்சர். கோமதிக்கு."

கோமதியைப் பற்றி அங்கே எல்லோருக்கும் தெரியும். திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மனநலக் காப்பகத்தில் பல வருடங்களாக இருந்தார். அதற்கு முன் இரண்டு வருடம் நல்லசிவன் வீட்டுப் பின்அறையில் இருந்தார். அந்த நாட்களில் அவர் சொல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒருமுறை ஆற்றுப் பாலத்தில், ஒருமுறை தென்காசி பஸ்ஸில் கண்டுபிடித்தார்கள். இப்போது குணமாகிவிட்டது, மாத்திரையோடு வீட்டில் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்லி மாதங்கள் ஆகின்றன. வீட்டார் வந்து கூட்டிப்போகாதவர்களைத் தை முடிந்ததும் மதுரைப் பக்கம் உள்ள ஒரு நிரந்தர இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்களாம். அங்கே போனவர்கள் திரும்பி வருவதில்லை.

நல்லசிவனின் மனைவி சாந்தா போன வருடம் தவறிவிட்டார். வீட்டில் அவர் மட்டும்தான்.

"எப்பம் இருந்து இந்த ரெண்டு கலர்?" என்று பேராச்சி கேட்டார்.

"ஆவணியில ஆரம்பிச்சேன்."

தை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

"கலருக்கும் மனசுக்கும் சம்பந்தம் இருக்கு டீச்சர், படிச்சேன். சிவப்பு ஆகாது. மஞ்சள் கண்ணை உறுத்தும். நீலம் கொஞ்ச நாள்ல துக்கமாயிரும். பச்சைன்னா ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். கழிச்சுக் கழிச்சு இதுல வந்து நிக்கி. ரெண்டும் சாதுவான கலர்தான். ஆனா ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் ரொம்ப வித்தியாசம் இருக்கு."

பேராச்சி அட்டைகளை எடுத்துப் பார்த்தார். இடம் மாற்றி வைத்தார். நல்லசிவன் ஒரு கணம் திகைத்து, ஒன்றைத் திருப்பிப் பின்பக்கம் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டார்.

"கோமதிகிட்ட காட்டினீங்களா?"

"அவளுக்கு என்ன டீச்சர் தெரியும்?"

பேராச்சி எழுந்தார். நல்லசிவன் உட்கார்ந்திருந்த பாயை மறுநுனியிலிருந்து சுருட்ட ஆரம்பித்தார். அவர் எழுந்திருக்க வேண்டியதாயிற்று.

*

மறுநாள் காலை பெயிண்டர் சுடலை வந்து அறைக்குள் நின்றான். நான்கு சுவரிலும் சதுரம் சதுரமாக இரண்டு நிறங்களும் பூசியிருந்தன. ஜன்னலுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு எதிரில், தரையை ஒட்டி, விட்டத்துக்குக் கீழே. ஒவ்வொரு சதுரத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் எண்.

"இன்னைக்காவது சொல்லிருவியளா சார்? பொங்கலும் போச்சு."

"அந்த மூலையில மட்டும் ஒரு தடவை அடிச்சுக் காட்டு. சாயங்கால வெயில் அங்கதான் விழும்."

"நான் இதுவரைக்கும் அடிச்ச கட்டத்தையெல்லாம் சேத்தா ரெண்டு ரூம் முடிஞ்சிருக்கும்."

"ஈரத்துல பாத்தா ஒரு கலர், காஞ்சா ஒரு கலர். நீதானல சொன்ன?"

"சொன்னேன் சார். காயறதுக்கு ஒரு மணி நேரம் ஆகும்னு சொன்னேன். நீங்க ஆவணியில இருந்து காய விட்டுட்டு இருக்கீய."

நல்லசிவன் சிரித்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. தன் வேலையே அதுதான் என்பது போல ஒரு நிதானம் அவரிடம் இருந்தது. முப்பது வருடமாக இருட்டறையில் ஆட்களை உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது நல்லாயிருக்கா, இதுவா?" என்று கேட்டுவந்தவர். வீட்டுக்கு யார் வந்தாலும் இப்போது அதே மாதிரி பின்அறைக்கு அழைத்துப்போனார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரைக்கூட விடவில்லை. வலக் கண்ணை மூடச் சொல்லிக் காட்டினார், பிறகு இடக் கண்ணை.

"ரெண்டுமே கலங்கலாத்தான் தெரியுது அண்ணாச்சி" என்றார் அவர்.

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தார். சோதித்துப் பார்த்ததில் கண்ணாடி தேவைப்பட்டது.

*

காப்பகத்தின் பின்வாசலில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கோமதி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். அது நரைத்து, பாதி வளர்ந்திருந்தது.

"வாண்ணே. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். ஜங்ஷன்ல அல்வா வாங்கினேன். சுடச்சுடத் தந்தான். ஆறிப் போச்சு."

"ஆறினாலும் அல்வாதானே. வை."

நல்லசிவன் பக்கத்தில் உட்கார்ந்து அட்டைகளை எடுத்தார். "கோமு, இதுல எது உனக்குப் பிடிக்கி?"

"என்னது, பிஸ்கட்டா?"

"கலர். உன் ரூமுக்கு அடிக்க."

கோமதி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். இரண்டையும் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார்.

"இது அரிசி கழுவுன தண்ணி. இது ஆத்து மண்ணு."

நல்லசிவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுவரை அவற்றுக்கு எண்கள் மட்டும்தான் இருந்தன. "அதேதான். அதேதான் கோமு. எனக்குச் சொல்லத் தெரியல."

"எந்த ரூம்?"

"பின்ரூம்தான். அதுலதான் காத்து வரும். ஜன்னலை இடிச்சுப் பெருசாக்கியிருக்கேன். புதுக் கட்டில், புது பேன்."

கோமதி அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த ஈர்க்கை எடுத்தார். இலைகள் முறத்தில் விழுந்தன.

"உனக்கு எது பிடிக்கோ அத அடிண்ணே."

"அதுல இருக்கப் போறது நீதானே."

"பாத்துக்கிட்டு இருக்கப் போறது நீதானே."

நல்லசிவன் அட்டைகளைப் பார்த்தார். ஒரு மேகம் போயிற்று. அது போவதற்கு முன்னும் பின்னும் அவர் அவற்றைப் பார்த்தார்.

"மதுரைக்குப் போயிட்டா உனக்கும் இந்த அலைச்சல் கிடையாது" என்றார் கோமதி. "அங்க பெயிண்டெல்லாம் ஏற்கெனவே அடிச்சு வச்சிருக்காங்களாம்."

"என்ன கலராம்?" என்று கேட்டார் நல்லசிவன்.

கோமதி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாத சிரிப்பு. தோள் குலுங்கியது. முறம் மடியில் சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச் சொல்லுதேன்" என்றார்.

நல்லசிவனும் கொஞ்சம் சிரித்தார்.

ஒவ்வொரு முறையும் அவர் எழுந்து நிற்கும்போது கோமதி ஒன்று கேட்பார். எப்பம் கூட்டிட்டுப் போவ? பெயிண்ட் மட்டும் பாக்கி என்று இவர் சொல்வார். அன்று எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். செருப்பைப் போட்டார். கோமதி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அப்போ நான் வரட்டா?"

"சரிண்ணே. பாத்துப் போ."

அவர் இன்னும் சிறிது நேரம் நின்றார். பிறகு போனார்.

*

அடுத்த ஞாயிறும் அவர் பாய் விரித்தபடியே இருந்தது.

"காட்டினேன் டீச்சர்."

"என்ன சொன்னாங்க?"

"பேரு வச்சா." அவர் அந்தப் பெயர்களைச் சொன்னார். "எவ்வளவு பொருத்தம் பாருங்க. நம்ம நினைக்கிறது மாதிரி இல்ல, அவளுக்கு நல்லாவே தெரியுது. ஆனா எதுன்னு சொல்ல மாட்டேங்கா. உனக்குப் பிடிச்சத அடிங்கா."

"வேற?"

"மதுரைக்குப் போறதப் பத்தி என்னமோ விளையாட்டாப் பேசினா."

"வேற?"

நல்லசிவன் பாயின் ஓரத்தில் பிரிந்திருந்த கோரையை உள்ளே செருகப் பார்த்தார்.

"எப்பம் கூட்டிட்டுப் போவேன்னு கேப்பா. இந்தத் தடவ கேக்கல."

வெளியே மில்லின் இயந்திரம் ஓடத் தொடங்கியது. கிட்டங்கிச் சுவர் லேசாக அதிர்ந்தது.

"கேக்காதது நல்லதுதான், இல்லையா டீச்சர்? மனசு அடங்கிருச்சுன்னு அர்த்தம்."

பேராச்சி தன் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"நான் வந்து அந்த ரூமைப் பாக்கேன்" என்றார்.

*

பிற்பகலில் வந்தார். நல்லசிவன் வாசலிலேயே காத்திருந்தார். கூடத்தைக் கடந்து பின்னால் அழைத்துப்போனார். கூடத்தில் பகலிலும் ட்யூப்லைட் எரிந்தது.

அறை சுத்தமாக இருந்தது. ஜன்னல் சுவரின் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. அதற்குத் தடித்த கம்பிகள் போட்டு, கம்பிகளுக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அதன் வழியே கிணற்றடியும் ஒரு எலுமிச்சையும் தெரிந்தன. கட்டில் மேல் புது மெத்தை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். தலைமாட்டில் மாத்திரை வைக்க ஒரு சின்ன அலமாரி. அவர் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்.

"தண்ணிக்குச் சொம்பு இங்க. ராத்திரி விளக்கு இங்க, படுத்துக்கிட்டே போடலாம். பேன் சத்தம் கேக்காது, பாருங்க." சுவிட்சைப் போட்டார். சத்தம் கேட்கவில்லை.

"நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்றார் பேராச்சி.

"சுவர்தான் டீச்சர்."

பேராச்சி நான்கு சுவர்களையும் சுற்றி வந்தார். சதுரங்களைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். பிளாஸ்டிக் உறை நொறுங்கியது. எழுந்து, திறந்திருந்த கதவின் பக்கம் வந்தார். பழைய தேக்கு. அதன் உள்பக்கத்தில், கை உயரத்தில், நான்கு சிறிய வட்டங்கள் இருந்தன. மரத்தைவிட ஒரு சாயல் வெளிர்.

"இது என்ன அண்ணாச்சி?"

"உள்தாழ்ப்பாள் இருந்த இடம். அப்பம் உள்ள போட்டுக்கிட்டுத் திறக்க மாட்டா. பயந்துபோய்க் கழட்டிட்டோம். ஆணி ஓட்டையில நானே மக்கு வச்சு அடைச்சுத் தேச்சேன். தடவிப் பாருங்க, தெரியாது."

பேராச்சி தடவிப் பார்த்தார்.

"தெரியல" என்றார்.

"கலர் முடிவாயிட்டா கதவுக்கும் ஒரு கோட்டு வார்னிஷ் அடிச்சிருவேன். வட்டமும் மறைஞ்சிரும்."

"எப்பம் முடிவாகும்?"

"நீங்க சொன்னா நாளைக்கே சுடலையை வரச் சொல்லிருவேன். ரெண்டு நாள்ல முடிஞ்சிரும். அப்புறம் பெயிண்ட் வாசம் போகணும். அவளுக்கு அது ஆகாது. ஒரு பத்து நாள் திறந்து போட்டு, அதுக்கப்புறம் போய்க் கூட்டிட்டு வந்துரலாம்."

"தை முடிய?"

நல்லசிவன் ஜன்னலைப் பார்த்தார். "ஒரு வாரம் இருக்கு" என்றார்.

 எலுமிச்சையில் ஒரு தவிட்டுக்குருவி வந்து உட்கார்ந்து, உடனே கிளம்பிப் போயிற்று.

"கேட்டா கொஞ்சம் தவணை கொடுப்பாங்க" என்றார் நல்லசிவன். பிறகு, "அவசரப்பட்டு ஒண்ணை அடிச்சு, அது அவளுக்கு ஒத்துக்காமப் போயிட்டா? மறுபடியும் பழைய மாதிரி ஆயிட்டா? அப்பம் சாந்தா இருந்தா. ரெண்டு பேரு இருந்தோம். இப்பம் நான் ஒருத்தன். அதான் டீச்சர், இது சரியா அமையணும்."

"சரி. பாப்போம்" என்றார் பேராச்சி.

"இப்பம் பாக்காதீங்க. கூடத்து வெளிச்சம் உள்ள விழுது. அது கலரைக் கெடுத்துரும். என் கடையிலயும் அப்படித்தான், வெளி வெளிச்சம் வந்தா ஒண்ணும் பாக்க முடியாது. நீங்க உள்ளயே இருங்க. நான் வெளிய போய்க் கதவைச் சாத்துதேன். ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருக்கட்டும். நிதானமாப் பாத்து எதுன்னு சொல்லுங்க."

பேராச்சி அறையின் நடுவே வெறும் தரையில் உட்கார்ந்தார்.

"சாத்துங்க" என்றார்.

நல்லசிவன் வெளியே வந்து கதவைச் சாத்தினார். அது தானாக ஒரு சாண் திறந்தது. நிலை இறங்கிய பழைய கதவு. அவர் மறுபடி இழுத்துச் சாத்தினார். மறுபடி திறந்தது. இடுக்கில் ட்யூப்லைட்டின் வெளிச்சம் ஒரு கீற்றாக உள்ளே போய் விழுந்தது.

"நிக்க மாட்டேங்கு டீச்சர்."

"நிக்கிற மாதிரி சாத்துங்க."

இடது கையால் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வலது கை மேலே போயிற்று. வெளித்தாழ்ப்பாள் சத்தமில்லாமல் ஓடி நிலைக்குள் இறங்கியது. கண்ணாடிப் பிரேமின் சின்ன ஆணிகளுக்கு விடுகிற எண்ணெயைப் போன வாரம்தான் அதற்கு விட்டிருந்தார்.

"இப்பம் பாருங்க டீச்சர்."

உள்ளே அசைவில்லை.

"வலப் பக்கச் சுவத்துல மேல இருக்கது அரிசித் தண்ணி. கீழ இருக்கது ஆத்து மண்ணு. இடப் பக்கம் அதுக்கு நேர் மாறா இருக்கும்."

பதில் வரவில்லை. அவர் காத்திருந்தார். வாடிக்கையாளர்கள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வது அவருக்குப் பழக்கம். அவசரப்படுத்தினால் தவறான பதில் வரும். தெருவில் ஒரு பஸ் போயிற்று. பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"தெரியுதா டீச்சர்?"

அவர் கதவின் பக்கம் நெருங்கிக் காது கொடுத்தார். இடது தோள் நிலையில் சாய்ந்தது. உள்ளங்கை கதவில் பதிந்தது. யோசிக்காமலே அது போய்ப் பதிந்த இடத்தில் பழைய வார்னிஷ் தேய்ந்து, ஒரு கை அளவுக்கு மரம் வெளுத்திருந்தது. உள்ளே மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை. இப்படி நின்று, உள்ளே சத்தம் கேட்டாலும் பயந்து, கேட்காவிட்டாலும் பயந்த இரவுகள் இருந்தன. அவர் கையை எடுக்கவில்லை.

"டீச்சர்" என்றார். குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. "எது?"

மறுபக்கத்திலிருந்து, அவர் நினைத்ததைவிடப் பக்கத்தில், பேராச்சியின் குரல் வந்தது.

"நான் இன்னும் சுவத்தப் பாக்கல அண்ணாச்சி. கதவத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."